எங்கயோ இடிக்கு

அந்த அக்கா டீ குடிக்கிற அழகைப் பார்த்தால் டீ போட்டவருக்கே தன் டீ மேல் சந்தேகம் வந்துவிடும். கிளாஸை வாங்கியதும் வாயில் வைக்க மாட்டாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். அடியில் தூள் நிற்கிறதா என்று பார்ப்பாள். மோந்து பார்ப்பாள். பிறகு டீக்கடை அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்து, "பாலு இன்னைக்கு வாங்குனதா, நேத்து மிச்சமா?" என்பாள். "காலைலதான்மா கறந்து கொண்டாந்தாவ" என்று அவர் சூடம் அணைக்காத குறையாகச் சொல்வார். ஒரு மடக்கு உள்ளே போகும். நாக்கைச் சப்புக்கொட்டுவாள். "எங்கயோ இடிக்கு" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தும் விடுவாள்.

எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாயங்காலம் விளாத்திகுளம் பஸ் நிற்கும். போர்டு கொட்டை எழுத்தில் இருக்கும். அக்கா போர்டைப் படிப்பாள், கண்டக்டரிடம் கேட்பாள், டிரைவரிடம் கேட்பாள், அதற்கு மேலும் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, உள்ளே தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். "போர்ட யாரு வேணும்னாலும் மாத்தலாம்ட்டி. ஆளு மூஞ்சிய மாத்த முடியாதுல்லா?" என்பாள். கடலைமிட்டாய் வாங்கினால் உடைத்துப் பார்த்து வெல்லமா சீனியா என்று விசாரணை நடக்கும். குடோன் காலண்டரில் தேதி கிழித்திருந்தால், முதலாளி ஞாபகமறதியில் ரெண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டாரோ என்று குப்பைத் தொட்டியில் தேடுவாள். எங்களுக்குள் அவளுக்குப் பேரே 'எங்கயோ இடிக்கு அக்கா'தான். சொந்தப் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், யார் சொல்லி எழுதினாய் என்று கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். எனக்கு மருந்து வாடை ஆகாது, மூச்சு இழுக்கும். அதனால் எட்டயபுரம் ரோட்டில் இருந்த பழைய பேப்பர் குடோனுக்குப் போனேன். தூத்துக்குடி ஹார்பரிலிருந்து லாரியில் பேல் பேலாக, இறுக்கிக் கட்டின கட்டுகளாக வந்து இறங்கும். இங்கிலாந்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட காகிதம் எல்லாம் கப்பல் ஏறி எங்கள் காலடிக்கு வந்துவிடும். நியூஸ் தாள் தனி, வெள்ளைத் தாள் தனி, வழவழ தாள் தனி, அட்டை தனி என்று நாங்கள் பிரித்துக் கொடுத்தால், ஒன்று பேப்பர் மில்லுக்குப் போகும், ஒன்று வெடி சுருட்டப் போகும்.

புத்தகம் எது வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். முதுகில் இருக்கும் பின்னைப் பிடுங்கி, முன்னட்டை பின்னட்டை ரெண்டையும் பிரியாமல் சேர்த்தே கிழித்து அட்டைக் குவியலில் எறிந்துவிட்டு, உள்தாளை எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் தள்ளுவேன். அவள் அதைத் தரம் பார்த்துப் பிரிப்பாள். நான் அங்கே இருந்த வருஷங்களில் ஒரு புத்தகம்கூட அட்டையோடு அக்கா கைக்குப் போனது கிடையாது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே இது உறைக்க ரொம்ப வருஷம் ஆனது.

அக்கா ஆடு மேய்க்கிற குடும்பம். ஆனால் மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். எங்கள் குடோனில் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து மிரளாத ஒரே ஆள். பேலில் வந்த ஒரு டிக்‌ஷனரியையும் எடுத்து வைத்திருந்தாள். அதில் பாதிதான் உண்டு. 'எம்' எழுத்திலிருந்து ஆரம்பிக்கும். அதற்கு முந்தின எழுத்தில் சொல் வந்தால் ஊகம்தான். இந்தப் பாதி டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அவள் படிப்பாள், படித்துப் படித்து முழிப்பாள்.

அவள் படித்ததெல்லாம் கதைப் புத்தகம் இல்லை. இங்கிலாந்தில் சின்னச் சின்ன ஊர்களில், அந்தந்த ஊரைப் பற்றி அந்தந்த ஊர்க்காரர்களே அச்சடித்துக்கொள்கிற ஒல்லிப் புத்தகங்கள். எந்தத் தெருவில் எந்தக் கடை, யார் வீட்டுத் தோட்டத்தில் என்ன காய்த்தது, சாயங்காலம் ஊரில் யார் யார் என்ன விளையாடினார்கள். இதையெல்லாமா புத்தகம் போடுவார்கள் என்று நமக்குத் தோன்றும். அக்காவுக்கு அதுதான் பெரிய சந்தேகம்.

"ஏட்டி, இங்கன பாரு. வளந்த ஆம்பளைக எல்லாம் புறா பறக்க விட்டுட்டு, எந்தப் புறா மொதல்ல வீட்டுக்கு வரும்னு கடியாரத்தப் பாத்துட்டு நிக்கானுக. இன்னொரு ஊர்ல பூசணிக்கா பெருசா வளத்தவனுக்குப் பரிசு. பூசணிக்காய்க்குட்டி! மரத்துல இருந்து விழுத கொட்டைய நூலுல கட்டி, ஒருத்தன் கொட்டைய ஒருத்தன் அடிச்சு ஒடைக்கானாம். ஒருத்தனும் வேல செய்யுத மாதிரி தெரியல. அப்ப இவனுகளுக்கு யாரு சோறு போடுதா? எங்கயோ இடிக்கு."

"லீவு நாள்ல விளையாடுவாவளா இருக்கும்க்கா" என்றேன்.

"எல்லா நாளும் லீவா?"

ஊர்ப் பேர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அவளே பேர் வைத்துவிட்டாள். புறா விடுகிற ஊர் புறாப்பட்டி. பூசணிக்காய் ஊர் பூசணியூர். இன்னொன்று உருண்டைப்பட்டி. அங்கே வெள்ளைக் கால்சட்டை போட்ட கிழவர்கள், வெட்டிச் சமப்படுத்திய புல்தரையில் கறுப்பு உருண்டைகளை மெதுவாக உருட்டி விளையாடுவார்களாம். அந்தப் புல்லை யாராவது சாதாரணச் செருப்போடு மிதித்தால் சண்டை வந்துவிடுமாம். "ஆடு மாடு ஒண்ணும் மேயாத புல்லு. கிழவனுக உருண்ட உருட்டுததுக்காகப் புல்லு" என்று ஆட்டுக்காரி வீட்டுப் பெண் அதிசயப்பட்டாள். இப்படி முப்பது ஊருக்கு மேல் அவளிடம் சேர்ந்திருந்தது. ஊருக்கு ஒரு பாலித்தீன் பை.

தாள்களில் அங்கங்கே பழைய வருஷக் கணக்கு போட்டிருக்கும். நானே ஒரு தடவை காட்டிக் கேட்டேன். "அது கட ஆரம்பிச்ச வருஷம்ட்டி. நம்ம ஊரு மிட்டாய்க் கட போர்டுல போடலையா?" என்றாள். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் தாளைப் படிக்கிறாள் என்றால் முதலாளிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு நாள் வாச்மேன் அவள் தூக்குச்சட்டியின் அடித்தட்டைத் திறந்து பார்த்தார். மடித்து வைத்த தாள்கள். முதலாளி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறிக்குழம்பு வாடை அடிக்கிற தாளை ஒரு பொம்பளை ஏன் ஒளித்துக் கொண்டுபோகிறாள்? உள்ளே ஏதோ சமாச்சாரம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. தெரிந்த வாத்தியார் ஒருவரை வரச்சொல்லிப் படிக்கச் சொன்னார். வாத்தியார் நாலு தாளைப் படித்துவிட்டு, "இது ரோசாப்பூப் போட்டி முடிவு சார். ரெண்டாம் பரிசு யாருக்குன்னு போட்டிருக்கான்" என்றார். முதலாளிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வாத்தியார் இன்னும் ரெண்டு தாள் பொறுமையாகப் படித்திருக்கலாம். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

எதையும் நம்பாத அக்கா அந்தத் தாள்களை மட்டும் எப்படி நம்பினாள் என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. உருண்டைப்பட்டித் தாளில் ஒரு மில் வருகிறது. புல்தரையை ஊருக்கு எழுதிவைத்தவரே அந்த மில் முதலாளிதான். காலையில் சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்குமாம். அந்த மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று எழுதின இடத்தில் 'டின்னவெல்லி' என்று இருந்தது. அக்கா வெண்டைக்காய் கூட்டில் வைத்த கையை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"நம்ம பஞ்சுட்டி! நம்ம கரிசக்காட்டுப் பஞ்சு! வெள்ளக்காரன் திருநெல்வேலிய அப்படித்தான் சொல்லுவான். நான் அன்னைக்கே சொன்னேன்லா, இவனுகளுக்கு யாரோ சோறு போடுதான்னு? இங்கன நாம வேகாத வெயில்ல பஞ்செடுக்கோம், அங்கன அவன் உருண்ட உருட்டுதான்."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஆயுசு பூராவும் சந்தேகப்பட்டவளுக்கு முதல் தடவையாக ஒரு சந்தேகம் ருசுவாகிவிட்டது. அதற்கப்புறம் உருண்டைப்பட்டித் தாள் என்ன சொன்னாலும் அவளுக்கு வேதவாக்கு. நம்ம ஊர்ப் பருத்தியை நம்ம ஊர் மில்லே வாங்கிக்கொள்கிற காலத்தில், இங்கிலாந்துக்கு யார் பஞ்சு அனுப்புகிறான் என்று அவளுக்கும் இடிக்கவில்லை, மில்லில் வேலை பார்த்த என் அண்ணனுக்கும் இடிக்கவில்லை, எனக்கும் இடிக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம் எனக்கு மாப்பிள்ளை வந்தது. ஓட்டப்பிடாரம் பக்கம். தூரத்துச் சொந்தம். கப்பலில் சமையலுக்குப் போனவர், அப்படியே இங்கிலாந்தில் ஒரு ஹோட்டலில் எட்டு வருஷமாக அடுப்படி வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தார். நகை, சீர் ஒன்றும் வேண்டாம், பிள்ளை பிடித்தால் போதும் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று சொல்லி ஏமாந்த கதை தெருவுக்கு ஒன்று இருந்தது. அண்ணன் ஊர்ப் பேரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிவந்தான். நான் அதை அக்காவிடம் காட்டினேன்.

அக்கா சீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "ஏட்டி, இது நம்ம உருண்டைப்பட்டி!"

இத்தனை ஊர் இருக்க அதே ஊரா என்று உங்களுக்கு இடிக்கும். எனக்கும் இடித்தது. அவளிடம் முப்பது ஊர் பையில் இருந்தது, அதில் ஒன்று பொருந்திவிட்டது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா அதைச் சாமி காட்டின வழி என்றாள். "நீ வந்து நாலு வார்த்த கேளு தாயி. எங்களுக்கு என்ன தெரியும்?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கும் அது வெறும் பெண் பார்க்கிற சடங்கு இல்லை. அவள் புருஷனைப் பம்பாய் மில்லில் மேஸ்திரி என்று சொல்லித்தான் அவளுக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பம்பாய் போய்ப் பார்த்தால் மேஸ்திரியும் இல்லை, மில்லும் இல்லை. அங்கே ஏற்கனவே ஒரு பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். அவரும் அவருடைய அம்மாவும் ஒரு சித்தப்பாவும். வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. நான் காபி கொண்டுபோனேன். கிளாஸை எடுத்தபோது அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் தெறித்த சூட்டுத் தழும்புகள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "காபி சூடு சரியா இருக்கு. இப்படி யாரும் போட்டுத் தந்து ரொம்ப நாளாச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எட்டு வருஷம் எல்லாருக்கும் ஆக்கிப்போட்டவருக்கு ஒரு வாய் காபி பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. என் அம்மா சுவரோரம் கிடந்த அட்டை ஒன்றை எடுத்து விசிறிக்கொள்ளக் கொடுத்தாள். குடோனில் கிழிக்கிற அட்டையில் நல்ல கெட்டியாக இருப்பதை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். தண்ணீர்ப் பானை மூட, அடுப்பு விசிற, அப்படி ஏதாவதுக்கு ஆகும். அந்த அட்டையில் ஒரு மணிக்கூண்டு படம் போட்டிருந்தது. அவர் ரெண்டு தடவை விசிறினார். அப்புறம் விசிறாமல் அதைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "தம்பி, ஒங்க ஊருக்கு ரயிலு உண்டும்லா?"

"இல்லக்கா. பஸ்லதான் போகணும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உருண்டைப்பட்டி ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் பூச்செடி வளர்த்துப் பரிசு வாங்கின தாள் அவள் பையில் இருந்தது.

"சரி. மில்லு சங்கு காலைல எத்தன மணிக்கு ஊதும்?"

"மில்லா? அங்கன மில்லு ஒண்ணும் ஓடலையே. பெரிய கட்டடம் ஒண்ணு சன்னலெல்லாம் ஒடஞ்சு கெடக்கு. அது என்னன்னு நான் விசாரிச்சதில்ல."

"வியாழக்கெழம மத்தியானம் கடையெல்லாம் அடைச்சிருவாவளே. அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"அப்படி அடைக்க மாட்டாவ. ஞாயித்துக்கெழமகூடக் கட உண்டு."

"உருண்ட உருட்டுத புல்லுத்தர ஒண்ணு இருக்குல்லா, அதுக்கு எதுத்தாப்புல என்ன இருக்கு?"

"புல்லுத்தரயா? எங்க ஹோட்டலுக்கு எதுத்தாப்புல கார் நிறுத்துத எடம்தான் இருக்கு." சொல்லிவிட்டு அவர் கையில் இருந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். உதட்டை அசைத்து எதையோ எழுத்துக்கூட்டினார். முகம் கொஞ்சம் மலர்ந்த மாதிரி இருந்தது. "இது எங்க ஊரு மணிக்கூண்டு. இந்த அட்ட ஒங்களுக்கு எப்படி..."

"பேச்ச மாத்தாதீங்க தம்பி" என்று அக்கா வெட்டினாள். "எட்டு வருஷம் இருந்த ஊர்ல ரயிலு தெரியல, மில்லு தெரியல, கட அடைக்குத நாளு தெரியல. நான் இங்கனயிருந்தே சொல்லுதேன். ஒங்களுக்குத் தெரியலையே?"

அவருடைய அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "எம்பிள்ள பொய்யா சொல்லுதான்? பாஸ்போட்டு வீட்டுல இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து காட்டுதோம்" என்றாள்.

"அச்சடிச்சுக் குடுக்கதுக்கா நம்ம பக்கம் ஆளு இல்ல?" என்றாள் அக்கா.

அண்ணன் முகம் இறுகிவிட்டது. அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் மட்டும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "நான் காலைல அடுப்படிக்குள்ள போனா ராத்திரிதான் வெளிய வருவேன்க்கா. எனக்கு அந்த ஊரே தெரியாது. அந்த ஊரு அடுப்புதான் தெரியும்" என்றார். மூணு பேரும் எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அட்டையை என் கையில் கொடுத்து, "இதப் பத்திரமா வச்சுக்கிடுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் தெரு திரும்பியதும் அக்கா, "பாத்தியா, பொண்ணு பாக்க வந்த எடத்துல அட்டையப் பத்தி என்ன பேச்சு? எங்கயோ இடிக்கு" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் தெருவே அக்காவைப் புகழ்ந்தது. இந்தப் பிள்ளையைக் கிணற்றில் விழாமல் காப்பாற்றிவிட்டாள் என்றார்கள். அம்மா அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை விரித்து, சாயம் போகுமா என்று ஓரத்தை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. லேத் பட்டறை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரு நாளும் காபியைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தோடு குடோன் வேலையை விட்டேன். ரெண்டு வருஷம் கழித்து ஒரு சடங்கு வீட்டில், அந்த ஓட்டப்பிடாரத்து மாப்பிள்ளை வேறொரு பெண்ணைக் கட்டி இங்கிலாந்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தபோது சொன்னேன். "போயிருப்பான், ஆனா வேற ஊரா இருக்கும். உருண்டைப்பட்டியா இருக்காது" என்றாள். அதோடு சரி. ஆனால் எனக்குள் ஒரு புழு நெளிய ஆரம்பித்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அக்கா குரலில் ஒரு கேள்வி எனக்குள்ளேயே கேட்கும். புருஷன் பட்டறையில் நேரமாகிவிட்டது என்றால்கூட அந்தக் குரல் கேட்கும். இது அவள் எனக்குக் கொடுத்த சீர்.

பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அக்கா வீட்டுக்கு வந்தாள். வேலை நாளில் அவள் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். டீ கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள்.

"கண்ணு மங்கிட்டுட்டி. தாள் தரம் பிரிக்க முடியல. முதலாளி என்னய ஒன் எடத்துல மாத்திட்டாரு. இப்ப நான்தான் அட்ட கிழிக்கேன்."

பைக்குள்ளிருந்து நியூஸ் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அட்டை. மணிக்கூண்டு படம்.

"திங்கக்கெழம வந்த பேலுல இருந்துச்சு. அதே புஸ்தகம். அட்டையோட. மேல ஊரு பேரு போட்டிருக்கு. கீழ என்ன போட்டிருக்கு தெரியுமா?" கண்ணாடியைச் சரிசெய்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்தாள். "நம்ம தாத்தாமாரு காலத்துல. அப்படித்தான் போட்டிருக்கு. அந்த ரயிலு, அந்த மில்லு, உருண்ட உருட்டுத கிழவனுக, எல்லாம் எப்பவோ செத்துப்போன காலத்துக் கததான்ட்டி. பின்னட்டயில இப்ப அந்த எடத்துல எல்லாம் என்ன இருக்குன்னு போட்டிருக்கான். ரயிலு ரோட்டப் பேத்தாச்சு. மில்லு மூடிக் கெடக்கு. புல்லுத்தரைய கார் நிறுத்த விட்டாச்சு. அந்தப் பையன் சொன்னான்லா? அவன் சொன்ன அத்தனையும் இதுல இருக்கு."

நான் மூலையில் இருந்த தகரப் பெட்டியை அவள் கண்முன்னேயே திறந்து, கூறைச் சேலைக்கு அடியில் கிடந்ததை எடுத்துவந்து அவள் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரெண்டும் ஒன்றுதான். என்னுடையதில் ஓரம் மட்டும் அடுப்பு விசிறிக் கருகியிருந்தது. அதன் பின்பக்கம்தான் அன்றைக்கு அவர் எழுத்துக்கூட்டிப் படித்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் முகம் மலர்ந்தது. தான் சொல்வது நிஜம் என்பதற்குச் சாட்சி அவர் கையிலேயே இருந்தது, நாங்கள் அவரைப் பேசவிடவில்லை. புத்தகத்திலிருந்து அந்த அட்டையைக் கிழித்தது என் கை. அட்டை இல்லாத தாளை அக்கா பக்கம் தள்ளினதும் இதே கை.

"பால சந்தேகப்பட்டேன், பஸ்ஸ சந்தேகப்பட்டேன். இந்தத் தாள மட்டும் சந்தேகப்படாமப் போயிட்டேனேட்டி" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கி என்ன ஆகப்போகிறது? ரெண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி, ஒனக்கு அவனப் பிடிச்சிருந்துச்சா?"

அம்மா கேட்கவில்லை. அண்ணன் கேட்கவில்லை. அன்றைக்கு அவரிடம் அத்தனை கேள்வி கேட்ட அக்காவும் என்னிடம் இந்த ஒன்றைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்து கேட்கிறாள். பிடித்திருந்தது என்று சொன்னால் அவள் இந்த வீட்டுப் படி இறங்கிப் போய் எப்படி உயிரோடு இருப்பாள்?

"இல்லக்கா" என்றேன். "கையெல்லாம் ஒரே சூட்டுத் தழும்பு. எனக்குப் பிடிக்கல."

"பெறவு இந்த அட்டைய எதுக்குக் கூறைச் சேலைக்கு அடியில வச்சிருக்க?"

"கரண்டு போனா விசிறிக்கிடதுக்குத்தான்."

அக்கா தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள். கதவோரம் ஆணியில் தொங்கிய பனையோலை விசிறியைப் பார்த்தாள். அப்புறம் டீயைப் பார்ப்பது மாதிரி என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கயோ இடிக்கு" என்றாள்.

நான் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு, சூடு பண்ணி வருவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.